தொலையாத ஈயம்

சனிக்கிழமை வந்துவிட்டால் லிஃப்ட்காரருக்கு இருப்புக் கொள்ளாது. நாலு மணிக்குப் போகவேண்டிய கடைக்கு இரண்டு மணிக்கே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவார். மண்புழு வாங்கப் போகிறவர் யாராவது இஸ்திரி போட்ட சட்டையில் போவார்களா? இவர் போவார். தலையைப் படிய வாரி, செருப்பைத் துடைத்து, கண்ணாடி முன்னால் நின்று, ‘போன வாரம் என்ன கெடச்சுது?’ என்ற கேள்விக்கு இன்றைக்கு என்ன புளுகுவது என்று ஒத்திகையும் பார்த்துக்கொண்டு போவார்.

புளுகுதான். மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக வாராவாரம் தூண்டில் கடை வாசலை மிதிக்கிற இந்த மனுஷன் ஒரே ஒரு நாள்கூட மீன் பிடிக்கப் போனதில்லை. மீன் பிடிக்கிற ஏரி ஊருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர் அவர். பன்னிரண்டு மாடி. ஒரு ஸ்டூல், ஒரு கைப்பிடி, ‘எத்தனையாவது மாடிங்க?’ என்ற ஒரே கேள்வி. ஆனால் என்ன பேச்சு அந்தப் பெட்டிக்குள்! கீழே ஏறும்போது மகள் கல்யாணத்தில் ஆரம்பிப்பார் ஒருவர், ஏழாவது மாடியில் மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொண்ட இடத்தில் இறங்கிப் போய்விடுவார். மிச்சக் கதை சாயங்காலம் இறங்கும்போதுதான். ஊர்ப்பட்ட கதை அவருக்குப் பாதி பாதியாகத் தெரியும். அப்புறம் பொத்தானை அமுக்கினால் தானே ஓடும் லிஃப்ட் வந்தது. ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷமே மனைவியும் போய்ச் சேர்ந்தாள். மகன் தூரத்து ஊரில். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். “சாப்பிட்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? சரி, உடம்பைப் பாத்துக்கங்க.” அவ்வளவுதான், மூன்று மாடி ஏறுகிற நேரம்கூட ஆகாது.

இப்போது இவர் குடியிருப்பதும் ஒரு மூன்றாவது மாடிதான். கிண்டலைப் பாருங்கள், அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இந்த மாடிப்படியில் ஒருத்தரை ஒருத்தர் தாண்டும்போது யாரும் வாயைத் திறப்பதில்லை, மூச்சு வாங்கவே சரியாக இருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் குரலை அவரே கேட்பது பால் பாக்கெட் வாங்கும்போதுதான். ஒரு தடவை மூன்று நாள் பேசாமலே இருந்து, நாலாம் நாள் பால்காரரிடம் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பயந்தே போய்விட்டார்.

தூண்டில் கடைக்கு முதலில் அவர் போனது மழைக்கு ஒதுங்கத்தான். சாவி வெட்டுகிற கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு கடை. உள்ளே ரப்பரும் மீன் தீவனமும் கலந்த வாடை. சுவரோரம் ராடுகள் நிற்கும். கண்ணாடிப் பலகைக்குக் கீழே அட்டையில் குத்திய தூண்டில் முட்கள், சின்னதும் பெரியதுமாய். மூலையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ், அதில் டப்பா டப்பாவாக மண்புழு. பின்னால் எழுபது இழுப்பறையாவது இருக்கும். அத்தனைக்கும் முன்னால் கடைக்காரம்மா, ஐம்பதை ஒட்டிய வயசு, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

“என்ன வேணுங்கண்ணா?” என்று கேட்டார்.

சும்மா நிற்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது லிஃப்ட்காரருக்கு. கண்ணில் பட்டதைச் சொன்னார். “மண்புழு.”

“எந்த மீனுக்கு?”

அட, இதற்கு இப்படி ஒரு கேள்வி உண்டா! “கெண்டை,” என்றார், தெரிந்த ஒரே பேரை.

“நின்ன தண்ணியா, ஓடுற தண்ணியா? நம்ம ஏரிதானே? கரையிலேருந்தா? காலையில போவீங்களா, வெயில் இறங்கினப்புறமா? தூண்டில் நரம்பு என்ன கனம் போட்டிருக்கீங்க? முள்ளு எத்தனாம் நம்பர்?”

ஒரு வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத அத்தனை கேள்வியையும் இந்த அம்மாள் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். அதுவும் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு காத்திருந்தார்! வாய்க்கு வந்ததைச் சொன்னார் லிஃப்ட்காரர். நல்லவேளை, ‘புதுசாப் பழகுறேன்’ என்று சேர்த்துக்கொண்டார். அந்த அம்மாள் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். முள்ளின் நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும் என்பதைக் கேட்டு இவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் நம்பர் ஏறினால் உயரம் ஏறும் என்று பழகிய மனுஷன் ஆயிற்றே.

மழை நின்று வெகு நேரம் கழித்து ஒரு ராடு, ஒரு ரீல், நரம்புச் சுருள், எட்டாம் நம்பர் முள் ஓர் அட்டை, சிவப்புத் தக்கை இரண்டு, முள்ளைத் தண்ணீரில் இறக்குகிற ஈயக்குண்டு பத்து இருந்த ஒரு பொட்டலம், ஒரு டப்பா மண்புழு, இத்தனையும் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறினார். மண்புழுவை என்ன செய்வது? பால்கனியில் வாடிக்கொண்டிருந்த மிளகாய்ச் செடித் தொட்டியில் கொட்டினார். ராடைச் சுவரில் மாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கமாகப் போனார். போகவேண்டிய வேலை ஒன்றும் இல்லை, காலே அந்தப் பக்கம் இழுத்தது. கடைக்காரம்மா பார்த்ததும், “வாங்கண்ணா, என்ன கெடச்சுது?” என்றார்.

“ஒண்ணும் கெடைக்கலம்மா.”

ஒரு வகையில் அது உண்மைதானே! ஆனால் அந்த அம்மாளுக்கு முகம் வாடிவிட்டது. “தண்ணி என்ன நிறமா இருந்துச்சு?” என்று கேட்டார். கலங்கலாக இருந்தால் வாடை தூக்கலான இரை வேண்டுமாம், தெளிவாக இருந்தால் நரம்பு மெல்லிசாக வேண்டுமாம். லிஃப்ட்காரர் ஏதோ ஒரு நிறத்தைச் சொன்னார். “பச்சை.” உடனே ஓர் இழுப்பறை திறந்தது. அன்றைக்கும் அரை மணி நேரம்.

அப்படித்தான் தொடங்கியது. வாராவாரம் ஒரு புது விஷயம். ஒரு வாரம் ரொட்டியைப் பிசைந்து உருட்டுவது. ஒரு வாரம் சோளத்தை எந்தப் பதத்தில் வேகவைத்தால் முள்ளில் நிற்கும் என்பது. ஒரு வாரம் முடிச்சு. கடைக்காரம்மா தடித்த கயிற்றை எடுத்து, “அஞ்சு சுத்து, வளையத்துக்குள்ள விட்டு இழுங்க,” என்று காட்டினார். வீட்டுக்கு வந்து கட்டிக் கட்டிப் பார்த்தார் இவர், நூறு முடிச்சாவது போட்டிருப்பார். சொல்லிக்கொடுத்ததை மறக்க மாட்டார். அந்த விஷயத்தில் கெட்டிக்காரர். வாங்கிய மண்புழு தொட்டிக்குப் போயிற்று, வாங்கிய சோளத்தை வேகவைத்து இவரே தின்றார். மிளகாய்ச் செடி தொட்டி கொள்ளாமல் காய்த்துத் தொங்கியது. பறித்துக் காகிதத்தில் சுற்றிக் கடைக்காரம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

“செடிக்கு என்னண்ணா போடுறீங்க, இப்படிக் காய்க்குது?” என்று அந்த அம்மாள் கேட்டபோது இவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், “வெயில் நல்லா படும்மா,” என்றார்.

எத்தனை நாளைக்கு ‘ஒண்ணும் கெடைக்கல’ என்றே சொல்லிக்கொண்டிருக்க முடியும்? மூன்றாம் மாதம் முதல் மீனைப் பிடித்தார், வாயால். கை நீளக் கெண்டை. சும்மா சொல்லக்கூடாது, அடக்கமாகத்தான் புளுகுவார். மாதத்துக்கு இரண்டு மீனுக்கு மேல் பிடிக்க மாட்டார். மீதி வாரமெல்லாம் தண்ணீரின் நிறம், காற்று எந்தப் பக்கம், தக்கை எப்படி ஆடியது என்று கதை. அந்த அம்மாள் இரண்டு கையையும் கண்ணாடிப் பலகையில் ஊன்றிக்கொண்டு கேட்பார்.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. வெல்டர் ஒருவன் அந்தக் கடைக்கு வருவான். முப்பது வயசு, அடித்தொண்டைக் குரல், உள்ளே நுழையும்போதே, “முதல்ல ஈயத்தைக் குடும்மா, மத்ததெல்லாம் அப்புறம்!” என்று கத்திக்கொண்டுதான் வருவான். ஒரு சனிக்கிழமை அவன் புலம்பினான், மாவு உருண்டை போட்டும் மூன்று வாரமாகக் கெண்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று. கடைக்காரம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா?

“மாவை விடு தம்பி. சோளம் போடு. வேகவெச்ச சோளம், மூணு மணி, முள்ளு நுனி மட்டும் வெளியில தெரியணும். வாய்க்கால் தண்ணி ஏரிக்குள்ள விழுற இடம் இருக்குல்ல, அங்க காலையில போடு. போடறதுக்கு முன்னாடி ஒரு கை சோளத்தை அள்ளித் தூவு,” என்று தோரணையோடு அளந்தார். எல்லாம் அந்த அம்மாள் சொன்னதுதான், ஒரு எழுத்து மாறவில்லை.

அடுத்த வாரம் வெல்டர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். படத்தில் ஒரு கெண்டை, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வைத்திருந்தான்.

“அண்ணே! நீங்க மனுஷனே இல்ல!” என்று கட்டிப் பிடித்துக்கொண்டான். “ஃபாக்டரி பூரா உங்களைப் பத்தித்தான் பேச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க எங்களோட ஏரிக்கு வர்றீங்க. நாங்க நாலு பேர். நீங்க முன்னாடி நின்னு காட்டணும், அவ்வளவுதான்.”

கடைக்காரம்மா கண்ணாடிக்கு மேலாக லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

“அதுக்கென்ன தம்பி, வந்துட்டாப் போச்சு,” என்றது லிஃப்ட்காரரின் வாய்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் விளக்கைக்கூடப் போடவில்லை. ஏரிக்கரையில் நாலு பேர் முன்னால் நின்றால் ஐந்தே நிமிஷத்தில் சாயம் வெளுத்துவிடும். வெல்டர் கடையில் வந்து சொல்லுவான். அப்புறம் எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பது? ராடு போனால் போகட்டும், மீன் போனால் போகட்டும், சனிக்கிழமை நாலு மணி போய்விடுமே! அது போனால் வாரத்தில் பால்காரர்தான் மிச்சம். அந்த எண்ணம் வந்ததும் எழுந்து தண்ணீர் குடித்தார்.

ஒரே வழிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு மீனாவது பிடித்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் பஸ் ஏறினார். நடத்துனரிடம் ஏரி எங்கே என்று விசாரித்தார். நாற்பது நிமிஷத்தில் இறங்கி, ஒரு மண்பாதையில் நடந்து, மேட்டில் ஏறினால் எதிரில் தண்ணீர். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. பச்சையும் இல்லை. இரண்டு வருஷமாகப் பச்சை பச்சை என்று சொல்லிவிட்டோமே என்று வெட்கமாகப் போயிற்று. சைக்கிளில் போன ஒருவரை நிறுத்தி, “வாய்க்கால் தண்ணி எங்கங்க விழுது?” என்று கேட்டார். ஊருக்கெல்லாம் வழி சொன்ன நிபுணர்!

ராடின் கைப்பிடியில் கடையில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. பல்லால் கடித்துக் கிழித்தார். முடிச்சு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வந்தது, ஐந்து சுற்று, வளையம், இழு. ஈயத்தைக் கோத்தார். முதல் வீச்சில் முள் அவருடைய சட்டை முதுகிலேயே மாட்டிக்கொண்டது. யாருமில்லாத கரையில் சட்டையைக் கழற்றி முள்ளை எடுத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். இரண்டாவது வீச்சு காலடியில் விழுந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ, ஒரு வழியாகத் தக்கை தண்ணீரில் நிமிர்ந்து நின்றது.

உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது, மீன் பிடிப்பதென்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. இதை அந்த அம்மாள் சொல்லவே இல்லையே! சும்மா உட்கார்ந்திருக்க இவர் இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்ன, கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கலாமே. அக்கரையில் யாரோ ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார், அடிக்கிற சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது. மனைவி இருந்திருந்தால், ‘உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை’ என்று சொல்லியிருப்பாள். சொல்லத்தான் ஆளில்லை.

பதினொரு மணி இருக்கும். தக்கை ஒரு தடவை தலையாட்டியது. இன்னொரு தடவை. அப்புறம் ஒரேயடியாக உள்ளே போயிற்று. லிஃப்ட்காரர் எழுந்து ராடைத் தூக்கினார். தூக்கியதும் மறுமுனையில் ஏதோ ஒன்று அவரை இழுத்தது.

அந்த இழுப்பை என்னவென்று சொல்ல! கல்லோ கட்டையோ இல்லை, உயிருள்ள ஒன்று. இவர் இழுத்தால் அது இழுத்தது, இவர் விட்டால் அதுவும் கொஞ்சம் நின்று யோசித்தது. “வா… வா… வந்துடு,” என்று வாய்விட்டுச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. தண்ணீருக்கு அடியில் ஒரு முறை பொன்னிறமாக ஒரு விலா திரும்பியது. அடுத்த நொடி ராடு வெறுமனே நிமிர்ந்தது.

நரம்பைச் சுற்றி இழுத்துப் பார்த்தார். தக்கை இருந்தது, ஈயம் இருந்தது, முள்ளைக் காணோம். நுனி பன்றி வால் மாதிரி சுருண்டு கிடந்தது. அழுகையே வந்துவிட்டது அவருக்கு. மீன் போனதற்கா என்றால், அதற்கும்தான்.

சனிக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போடவில்லை. ராடைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பினார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் உருப்போட்டார். முதுகுவலி, டாக்டர் வெயிலில் உட்காரக் கூடாது என்றுவிட்டார், இனிமேல் மீன் பிடிக்கிற வேலைக்கே முழுக்கு, இந்த ராடை வெல்டர் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். கடைசியாக ஒரு புளுகு. மானம் போகாமல் தப்பிக்கலாம். சனிக்கிழமைதான் போகும்.

கடையில் வேறு யாரும் இல்லை. “வாங்கண்ணா,” என்ற கடைக்காரம்மா ராடைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த நரம்பின் நுனியை விரலில் பிடித்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.

“முடிச்சு வழுக்கியிருக்கு. பெரிய மீனாத்தான் இருந்திருக்கும். எச்சில் தொடலையாண்ணா?”

“எச்சிலா? எதுக்கு?” என்றார் லிஃப்ட்காரர்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. முடிச்சை இறுக்குவதற்கு முன்னால் வாயில் வைத்து நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிச்சு சரியாக இறுகாது, நரம்பும் சூடேறிக் கெட்டுவிடும் என்பது ஒரே ஒரு நாள் தண்ணீரில் தூண்டில் போட்டவனுக்குக்கூடத் தெரிந்துவிடுகிற சங்கதி. இரண்டு வருஷம் போட்டவர் கேட்கிற கேள்வியா இது!

முதுகுவலி, டாக்டர், எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டன. “அம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றார். “வியாழக்கிழமைதான் நான் முதல் தடவையா…”

“தெரியுங்கண்ணா.”

“என்ன தெரியும்?”

கடைக்காரம்மா திரும்பி ஓர் இழுப்பறையைத் திறந்து, ஈயப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கண்ணாடிப் பலகையில் வைத்தார். “அந்த ஏரி ஒரு காலத்துல தோப்பு. மரத்தையெல்லாம் வெட்டிட்டுத் தண்ணிய விட்டாங்க. அடி முழுக்கக் கட்டை. ஈயம் போய்ச் சிக்கிக்கும், அத்துத்தான் எடுக்கணும். அங்க போற எவனும் மாசத்துக்கு ஒரு பொட்டலமாவது தொலைச்சிடுவான். வெல்டர் தம்பி வாரத்துக்கு ஒண்ணு. நீங்க ரெண்டு வருஷத்துல வாங்கினது ஒரே ஒரு பொட்டலம். முதல் நாள் வாங்கினீங்களே, அதோட சரி. வேற கடையில வாங்குறீங்களோன்னு நெனச்சேன். அஞ்சாறு மாசத்துல புரிஞ்சுபோச்சு.”

லிஃப்ட்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தனை கெண்டையும், அத்தனை காற்றும், அத்தனை பச்சைத் தண்ணீரும்! “அப்ப எதுக்கும்மா கேட்டுக்கிட்டே இருந்தீங்க? என்ன கெடச்சுது, தண்ணி என்ன நிறம்னு?”

அந்த அம்மாள் பொட்டலத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். “இங்க வர்றவங்க, எட்டாம் நம்பர் ஓர் அட்டை குடும்மான்னு வாங்கிக்கிட்டு ஓடிடுவாங்கண்ணா. யாரும் நின்னு பேச மாட்டாங்க. நீங்க நின்னீங்க. அதோட, கடை போட்டதுலேருந்து எனக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கெடையாது. அன்னிக்குத்தான் வியாபாரம். நான் அந்த ஏரியைப் பாத்து ஒம்பது வருஷம் ஆச்சு. நீங்க சொல்றது பொய்யின்னு தெரியும். ஆனா கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.”

வாரத்தில் ஒரு நாளுக்காகக் காத்துக்கொண்டிருப்பது தான் ஒருவன்தான் என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, “முதல்ல ஈயத்தைக் குடும்மா!” என்று வெல்டர் நுழைந்தான். “அட, அண்ணே! நாளைக்கு அஞ்சரை மணிக்கு வண்டியோட வந்துடுறேன்.”

கடைக்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். காப்பாற்றிவிடத்தான். லிஃப்ட்காரர் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, “தம்பி, எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. நான் சொன்னதெல்லாம் இந்த அம்மா சொன்னது. நான் இதுவரைக்கும் ஒரு மீன்கூடப் பிடிச்சதில்ல,” என்றார்.

வெல்டர் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “என்னண்ணே இது? ஃபாக்டரி பூரா சொல்லி வெச்சிருக்கேனே! என்னை வெச்சுக் கிண்டல் பண்ணுவானுங்க.” முகம் சிவந்தது. “போங்கண்ணே. உங்க வயசுக்கு இது நல்லாவா இருக்கு?” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டான். கேட்ட ஈயத்தைக்கூட எடுக்கவில்லை.

அவன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. லிஃப்ட்காரருக்கு வலிக்கத்தான் செய்தது.

கடைக்காரம்மா அந்தப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினார். “இதை நீங்க எடுத்துட்டுப் போங்க.”

“எனக்கு எதுக்கும்மா? முதல் பொட்டலமே பத்தும் அப்படியே இருக்கு.”

“அந்தப் பத்தும் போகணும், இதுவும் போகணும். அப்பத்தான் நீங்க கட்டை இருக்குற இடத்துல போடுறீங்கன்னு அர்த்தம். மீன் அங்கதான் இருக்கும்.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “முடிச்சுக்கு எச்சில் தொட மறந்துடாதீங்க,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் தனியாகவே போனார் லிஃப்ட்காரர். தூரத்தில் வெல்டரும் அவன் கூட்டாளிகளும் சிரித்துப் பேசுவது கேட்டது. இவர் அந்தப் பக்கம் போகவில்லை, அவனும் கூப்பிடவில்லை. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்காமல் சாயங்காலம் வரை அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தார். மகன் போன் பண்ணினான். “சாப்பிட்டீங்களாப்பா?” என்றான். “ஏரியில இருக்கேன்பா,” என்றார். “சரிப்பா, உடம்பைப் பாத்துக்கங்க,” என்றான். அன்று அவர் தக்கையைப் பார்த்ததைவிடத் தண்ணீரைப் பார்த்ததுதான் அதிகம். ஒவ்வொரு மணிக்கும் நிறம் மாறுகிறதா என்று பார்த்து, மறந்துவிடக் கூடாதே என்று பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை, நாலு மணி. சட்டை இஸ்திரி போட்டிருந்தது. வழியில் ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை.

“வாங்கண்ணா. என்ன கெடச்சுது?”

“ஒண்ணும் கெடைக்கலம்மா. ஈயம் நாலு போச்சு.”

கடைக்காரம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மீன் பிடித்து வந்தவர்களுக்குக்கூட அந்தக் கடையில் அப்படி ஒரு முகம் கிடைத்ததில்லை. கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றவில்லை. இரண்டு கையையும் பலகையில் ஊன்றிக்கொண்டார்.

“தண்ணி என்ன நிறமா இருந்துச்சுண்ணா?”

லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துப் பிரித்தார். “பச்சை இல்லம்மா,” என்று ஆரம்பித்தார்.